ரிடன்டன்ட் கன்ஸ்ட்ரெயின்ட் என்று சிவக்கும் ஸ்கெட்ச்: எதை நீக்குவது?

#1 · புதுக்கோடு

வணக்கம். ஃப்ரீகேட்னு பாகங்களை வடிவமைக்கற இலவச மென்பொருள்ல ஒரு இணைப்புத் தகடு வரையுறேன். ரெண்டு முனையும் அரைவட்டம், மேலயும் கீழயும் நேர்கோடு, ஒவ்வொரு அரைவட்டத்தோட மையத்துலயும் ஒரு துளை. மையத்துக்கு மையம் 60 மிமீ, முனை ஆரம் 15, துளை ஆரம் 5. காகிதத்துல அஞ்சு நிமிஷ வேலை. இங்க மூணு நாளா சிவப்பைத்தான் பார்த்துட்டு இருக்கேன்.

நான் செஞ்ச வரிசை இது. ரெண்டு கோடு, ரெண்டு வில் போட்டேன். நாலு மூலையையும் கோயின்சிடென்ட் வெச்சு ஒட்டினேன். அப்புறம் கோட்டையும் வில்லையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து நாலு இடத்துலயும் டேன்ஜென்ட் (வில்லைக் கோடு தொட்டுச் செல்லணும்னு). ரெண்டு கோட்டுக்கும் ஹாரிஸான்டல் (கிடைமட்டம்). ரெண்டு வில்லுக்கும் ஈக்வல் (சம ஆரம்). மையங்கள் ஒரே மட்டத்துல இருக்கணும்னு அதுக்கும் ஒரு ஹாரிஸான்டல். அதுக்குள்ள "ரிடன்டன்ட் கன்ஸ்ட்ரெயின்ட்"னு, அதாவது மிகையான கட்டுப்பாடுன்னு, அந்தக் கட்டுப்பாட்டு எண்களோட செய்தி வந்துடுச்சு.

அது சொல்ற எண்ணை அழிச்சா சிவப்பு போகுது. ஆனா அப்புறம் 60-ஐ 95-ஆ மாத்தினா ஒரு பக்க வில் உள்பக்கமா குழிஞ்சு திரும்பிக்குது. திரும்ப அழிச்சு, திரும்பப் போட்டு... எதை அழிக்கணும்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? என் கணினி பழசு, அதனால பழைய பதிப்புதான் ஓடும்.

#2 · மூலைவிட்டம்

கடைசியா போட்டது எதுவோ அதை அழிச்சுடுங்க. நான் சாலிட்வொர்க்ஸ்ங்கற மென்பொருள்ல பத்து வருஷமா அப்படித்தான் பண்றேன். நீலம்னா இன்னும் அளவு வேணும், கறுப்புன்னா முடிஞ்சது, சிவப்புன்னா அதிகமாயிடுச்சு. சிவப்பு வந்தா அன்டூ. அவ்வளவுதான்.

#3 · கவராயம்

மூலைவிட்டம் சொல்வது அவசரத்துக்கு உதவும். ஆனால் புதுக்கோடு கேட்பது அதுவல்ல. எதை அழிப்பது என்பதை வரிசை தீர்மானிக்கக் கூடாது, தகடு தீர்மானிக்க வேண்டும். கடைசியாக இட்டதே உங்களுக்கு மிக முக்கியமான கட்டுப்பாடாக இருக்கலாம்.

முதலில் எண்ணிப் பார்ப்போம். ஒரு புள்ளிக்கு இரண்டு சுதந்திரம்: இடவலம் நகரலாம், மேலும் கீழும் நகரலாம். இரண்டு முனை உள்ள கோட்டுக்கு 4. வட்டத்துக்கு 3: மையத்துக்கு இரண்டு, ஆரத்துக்கு ஒன்று. வில்லுக்கு 5, ஏனென்றால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற இரண்டு கோணங்களும் சேரும். டிஓஎஃப் என்று திரையில் காட்டுவது இதைத்தான்.

உங்கள் தகட்டில் 2 கோடு, 2 வில், 2 வட்டம். 8, 10, 6. மொத்தம் 24. இந்த 24-ஐச் சரியாகப் பூஜ்யமாக்க வேண்டும்.

கோட்டின் முனையும் வில்லின் முனையும் ஒட்டி, அதே இடத்தில் தொட்டும் செல்ல வேண்டும் என்றால் ஒரு மூலைக்கு 3 போகும் (ஒட்டுவதற்கு 2, தொடுவதற்கு 1). நான்கு மூலைக்கு 12. துளை மையத்தை வில் மையத்தோடு ஒட்டினால் 2 போகும், இரண்டு துளைக்கு 4. இதுவரை 16. மீதி 8.

அந்த எட்டும் என்னென்ன? இரண்டு மையங்களின் இடம் 4, இரண்டு முனை ஆரம் 2, இரண்டு துளை ஆரம் 2. படத்தைப் பார்த்தாலே இவை மட்டும்தான் இன்னும் ஆடும் என்று புரியும். முதல் மையத்தை ஆதிப்புள்ளியில் வைத்தால் 2 போகும். மைய தூரம், முனை ஆரம், துளை ஆரம் என்று நீங்கள் தரும் அளவுகள் 3. துளைகள் சமம் என்பது 1. ஆக 6 போய்விட்டது. மீதி இருப்பது இரண்டே இரண்டு.

அந்த இரண்டு இடத்துக்கு நீங்கள் நான்கு பேரை உட்கார வைக்கிறீர்கள்: மேல்கோடு ஹாரிஸான்டல், கீழ்க்கோடு ஹாரிஸான்டல், வில்கள் ஈக்வல், மையங்கள் ஹாரிஸான்டல். இரண்டு பேர் வெளியே நிற்கத்தான் வேண்டும்.

#4 · புதுக்கோடு

ஐயா, இப்பதான் கண் திறந்த மாதிரி இருக்கு. நாலுமே உண்மைதானே, உண்மையைச் சொன்னா ஏன் கோவிச்சுக்குதுன்னு நினைச்சேன். சரி, எந்த ரெண்டை வெச்சுக்கறது? நாலுல எந்த ரெண்டு வெச்சாலும் ஒண்ணுதானா?

#5 · நடுப்புள்ளி

கணக்காகப் பார்த்தால் எந்த இரண்டும் போதும். மையங்களை இணைக்கும் கோடு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது ஒரு கோணம். இரண்டு ஆரங்களும் வேறுபட்டால் பக்கக் கோடுகள் ஒரு முனையை நோக்கி ஒடுங்கும். அந்த ஒடுக்கம் இன்னொரு கோணம். மேல்கோட்டின் சாய்வு இரண்டின் கூட்டல், கீழ்க்கோட்டின் சாய்வு இரண்டின் கழித்தல். "ஈக்வல்" என்றால் ஒடுக்கம் பூஜ்யம். "மையங்கள் ஹாரிஸான்டல்" என்றால் சாய்வு பூஜ்யம். தெரியாத இரண்டுக்கு நான்கு சமன்பாடு. எந்த இரண்டை எடுத்தாலும் மற்ற இரண்டும் தாமாகவே உண்மையாகிவிடும்.

மிகைக்கும் முரணுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஒரு முக்கோணத்துக்கு 30, 40, 50 என்று மூன்று பக்கமும் கொடுத்துவிட்டு, சிறிய பக்கங்களுக்கு இடையே செங்குத்து என்றும் சொன்னால் அது மிகை. சொன்னது உண்மை, ஆனால் ஏற்கெனவே சொன்னதுதான். 50-ஐ 51 ஆக்கிவிட்டுச் செங்குத்து என்றால் முரண், அதற்கு விடையே கிடையாது. அதாவது, இன்று மிகையாக விட்டு வைக்கும் ஒன்று நாளை ஒரு அளவை மாற்றியதும் முரணாகிவிடும். மிகை பாதிப்பில்லாதது என்று எண்ணி விடுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

#6 · கவராயம்

நடுப்புள்ளி சொன்னது கச்சிதம். அதன் மேல் ஒரு படி. கணக்குக்கு எந்த இரண்டும் ஒன்றுதான், தகட்டுக்கு ஒன்றல்ல.

இந்தத் தகடு நாளை என்னவாகும் என்று கேளுங்கள். ஒரு முனை பெரிதாகவும் மறு முனை சிறிதாகவும் வரக்கூடுமா? இணைப்புத் தகடுகளில் இது அடிக்கடி வரும். அப்படியானால் "மையங்கள் ஹாரிஸான்டல்", "வில்கள் ஈக்வல்" இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். தேவை வரும் நாளில் ஈக்வலை எடுத்துவிட்டு இரண்டாவது ஆரத்தை 8 என்று கொடுத்தால் போதும், பக்கக் கோடுகள் தாமே ஒடுங்கும். மாறாக இரண்டு கோடுகளையும் ஹாரிஸான்டலாகக் கட்டியிருந்தால் அன்று ஸ்கெட்ச்சையே பிரித்துக் கட்ட வேண்டும்.

தகடு சாய்வாக நிற்க வேண்டி வந்தாலும் இதே தேர்வுதான் கைகொடுக்கும்: மையங்களின் ஹாரிஸான்டலை எடுத்துவிட்டு அங்கே ஒரு கோணம்.

திரையில் வரும் எண், ஒன்றையொன்று திருப்பிச் சொல்லும் கட்டுப்பாடுகளின் கூட்டத்திலிருந்து எடுத்துக்காட்டப்பட்ட ஒருவர், அவ்வளவே. அவரை அழித்தால் சிவப்பு போகும். ஆனால் அழிக்க வேண்டியவர் அதே கூட்டத்தில் வேறொருவராக இருக்கலாம்.

#7 · மூலைவிட்டம்

ஒத்துக்கறேன். இவ்வளவு நாள் அன்டூ அடிச்சதுல எத்தனை ஸ்கெட்ச்சைப் பின்னாடி திருத்த முடியாமப் போச்சுன்னு இப்ப நினைச்சுப் பார்க்கறேன்.

நானும் ஒண்ணு சொல்றேன். அழிக்க மனசு வராத அளவு இருந்தா ரெஃபரன்ஸ் அளவா மாத்திடுங்க. ஸ்கெட்ச்சைக் கட்டுப்படுத்தாது, ஆனா எண் கண்ணுக்குத் தெரியும். சாலிட்வொர்க்ஸ்ல டிரிவன்னு சொல்லுவாங்க, ஃப்ரீகேட்லயும் அதுக்கு ஒரு பொத்தான் இருக்கு. மொத்த நீளம் 90 வருதான்னு சரிபார்க்க நான் இப்படித்தான் வெச்சுப்பேன்.

#8 · புதுக்கோடு

பண்ணிப் பார்த்தேன். பக்கக் கோடுகளோட ஹாரிஸான்டல் ரெண்டையும் எடுத்துட்டு, மையங்கள் ஹாரிஸான்டலும் ஈக்வலும் வெச்சேன். ஆனா இன்னும் ஒரு மிகை காட்டுது! கவராயம் ஐயா சொன்ன கணக்கை மூணு தடவை போட்டேன், 24-க்கு 24 சரியா வருது. காட்டுற எண் டேன்ஜென்ட்ல ஒண்ணு. அந்த வில் உள்பக்கம் திரும்புறதும் இன்னும் நிக்கல.

#9 · நடுப்புள்ளி

முதல் பதிவில் எழுதியதை மறுபடி பாருங்கள்: "கோயின்சிடென்ட் வெச்சு ஒட்டினேன், அப்புறம் கோட்டையும் வில்லையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து டேன்ஜென்ட்." பிரச்சினை அங்கே இருக்கிறது. இந்தத் தலைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடும் வில்லும் பொதுவாகத் தொடுவதற்கான நிபந்தனை: வில்லின் மையத்திலிருந்து கோட்டுக்கு உள்ள தூரம் ஆரத்துக்குச் சமம். ஆனால் நீங்கள் ஏற்கெனவே முனைகளை ஒட்டிவிட்டீர்கள். அந்த முனை கோட்டின் மேலும் இருக்கிறது, வில்லின் மேலும் இருக்கிறது. இப்போது கோடு சரியான தொடுநிலையிலிருந்து சிறிது திரும்பினால் மையத்துக்கும் கோட்டுக்கும் உள்ள தூரம் என்னவாகும்? ஆரம் பெருக்கல் கோணத்தின் கொசைன். கோணம் பூஜ்யத்துக்கு அருகில் கொசைன் ஏறக்குறைய மாறுவதே இல்லை. ஆரம் 15 இருக்கும்போது கோட்டை ஒரு பாகை திருப்பினால் தூரம் 14.998 ஆகிறது, அவ்வளவுதான்.

கட்டுப்பாடுகளைக் கணக்கிட்டுத் தீர்க்கும் பகுதியான சால்வர் வேலை செய்வது இந்த மாற்ற வேகங்களை வைத்துத்தான். ஒவ்வொரு கட்டுப்பாடும் ஒவ்வொரு மாறியோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்ற அட்டவணைக்கு ஜேக்கோபியன் அணி என்று பெயர். அந்த அணியில் ஒரு வரிசை மற்ற வரிசைகளிலிருந்து தனித்து எதுவும் சொல்லாவிட்டால் அதை மிகை என்று சால்வர் முடிவு செய்கிறது. சரியான தொடுநிலையில் உங்கள் டேன்ஜென்ட் வரிசைக்கு நேர்வது அதுவே. கட்டுப்பாடு அர்த்தமுள்ளது, எண்ணிக்கையும் சரி, ஆனாலும் அந்தக் கணத்தில் சால்வரின் கண்ணுக்கு அது தெரிவதில்லை.

மருந்து எளிது. ஒவ்வொரு மூலையிலும் கோயின்சிடென்டையும் டேன்ஜென்டையும் அழியுங்கள். கோட்டின் முனைப்புள்ளியையும் வில்லின் முனைப்புள்ளியையும் தேர்ந்தெடுத்து டேன்ஜென்ட் பொத்தானை அழுத்துங்கள். முனைக்கு முனை டேன்ஜென்ட் என்பது ஒட்டுவதையும் தொடுவதையும் ஒரே கட்டுப்பாடாகச் செய்யும். அது தூரத்தை அளப்பதில்லை, அந்தப் புள்ளியில் இரண்டின் திசைகளுக்கு இடையிலான கோணத்தை அளக்கிறது. கோணம் பூஜ்யத்துக்கு அருகிலும் நன்றாக மாறும் என்பதால் சால்வருக்குத் தடுமாற்றம் இல்லை. புதிய பதிப்புகளில் நீங்கள் பழைய முறையில் இட்டாலும் மென்பொருளே இதை மாற்றிவிட்டு ஒரு செய்தி காட்டும்.

வில் உள்ளே திரும்புவதற்கும் இதுவே காரணம். தூரம் ஆரத்துக்குச் சமம் என்பது மையம் கோட்டின் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. இரண்டு பக்கமும் விடைதான். முனைக்கு முனை டேன்ஜென்டில் திசையும் கட்டப்பட்டிருப்பதால் குழிவுக்கு இடமில்லை.

#10 · உளிமுனை

திரும்பிக்கொள்வது டேன்ஜென்டில் மட்டும் வருவதல்ல. அடிப்பக்கமும் இரு பக்க நீளமும் கொடுத்த முக்கோணத்துக்கு உச்சி மேலேயும் இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். சால்வர் இப்போதைய நிலையிலிருந்து தொடங்கித் தேடுவதால் பெரும்பாலும் அருகிலிருக்கும் விடையில் போய் நிற்கும். அளவை ஒரேயடியாக மிகவும் மாற்றினால் எது அருகில் என்பதே மாறிவிடும். ஆகவே வரையும்போதே ஏறக்குறைய உண்மை அளவில் வரைந்துவிடுங்கள். 300 மிமீ தகட்டை 10 மிமீயில் கிறுக்கிவிட்டு அளவு கொடுத்தால் சுருண்டுகொள்ளும். பெரிய மாற்றம் வேண்டுமென்றால் 60, 75, 95 என்று படிப்படியாகப் போங்கள். பக்க நீளத்துக்குப் பதில் ஒரு கோணம் கொடுக்க முடிந்தால் பெரும்பாலும் தொல்லை நின்றுவிடும்.

இன்னொன்று, நான் ஒரு வாரம் தொலைத்த இடம். முடிந்த திடவடிவத்தின் விளிம்பை எக்ஸ்டர்னல் ஜியோமெட்ரியாக (ஸ்கெட்ச்சுக்கு வெளியிலிருந்து எடுக்கும் ஆதாரக் கோடாக) இழுத்து அடுத்த ஸ்கெட்ச்சை அதில் கட்டினேன். பிறகு முதல் வடிவத்தில் ஒரு சிறு வெட்டு சேர்த்ததும் விளிம்புகளின் எண் வரிசை மாறியது. என் ஸ்கெட்ச் வேறு விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழுவதும் சிவந்துவிட்டது. கட்டுப்பாடுகளில் பிழை தேடிக்கொண்டே இருந்தேன், பிழையோ ஸ்கெட்ச்சுக்கு வெளியே இருந்தது. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு இந்தப் பெயர் மாறும் பிரச்சினையைப் பெருமளவு குறைத்திருக்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் முடிந்தவரை ஆதிப்புள்ளியையும் அச்சுகளையும் அடிப்படைத் தளங்களையும் பிடித்துக் கட்டுங்கள். பொது அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டில் பெயர் வைத்து எழுதி, அங்கிருந்து இரண்டு ஸ்கெட்ச்சுக்கும் கொடுங்கள்.

#11 · ஆரக்கால்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், என் கேள்வி இதோடு ஒட்டியது. ஒரு சல்லடைத் தகடு. ஒரே ஸ்கெட்ச்சில் 8 வரிசை, வரிசைக்கு 12 வீதம் மொத்தம் 96 துளை. எல்லாம் ஈக்வல், எல்லாம் தூரம் கொடுத்துக் கட்டியாயிற்று. பிழை எதுவும் இல்லை. ஆனால் ஒரு எண்ணை மாற்றினால் நிரல் உறைந்து போகிறது.

#12 · கவராயம்

96 துளை என்றால் 288 சுதந்திரம், அதற்கு ஈடாக ஏறக்குறைய அத்தனை சமன்பாடு. ஒரு எண்ணைத் தொட்டாலும் சால்வர் அவ்வளவையும் மறுபடி போட்டுப் பார்க்கிறது. ஸ்கெட்ச்சில் ஒரே ஒரு துளையை வரைந்து வெட்டுங்கள். ஃப்ரீகேட்டின் பார்ட் டிசைன் பகுதியில் உள்ள லீனியர் பேட்டர்னை இரண்டு திசையிலும் இட்டுப் பெருக்குங்கள். பேட்டர்ன் வெறும் நகலெடுப்பு, அதற்கு சால்வர் வேண்டாம். மூலை வளைவுகளுக்கும் இதே பேச்சு: ஸ்கெட்ச்சுக்குள் இருபது ஃபில்லெட் இடுவதை விட, வடிவம் வந்த பிறகு விளிம்பில் இடுவது நல்லது.

#13 · மூலைவிட்டம்

ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. எல்லா ஸ்கெட்ச்சும் முழுசாக் கட்டியே ஆகணுமா? யோசிச்சுட்டு இருக்கற கட்டத்துல நான் வேணும்னே ரெண்டு மூணு டிஓஎஃப்பை விட்டு வெப்பேன். மவுஸால இழுத்து எது அழகா வருதுன்னு பார்ப்பேன். எல்லாத்தையும் ஆணி அடிச்சா கை வராது.

#14 · கவராயம்

இழுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், அதை நான் எதிர்க்கவில்லை. ஸ்கெட்ச்சில் எது இன்னும் ஆடுகிறது என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல சோதனை கிடையாது. 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் செய்த ஸ்கெட்ச்பேட்டிலேயே, ஒளிப்பேனாவால் கோணல்மாணலாக வரைந்துவிட்டுக் கட்டுப்பாடு சொன்னால் படம் தானே நேராகும். வரைவதும் கட்டுவதும் அன்றிலிருந்தே ஒன்றாகத்தான் வளர்ந்தன.

ஆனால் அந்த ஸ்கெட்ச்சின் மேல் ஒரு திடவடிவம் ஏறிவிட்டால் ஒரு சுதந்திரம்கூட மிச்சம் இருக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மூன்று மாதம் கழித்து வேறொரு அளவை மாற்றும்போது, கட்டாமல் விட்ட அந்தப் புள்ளி எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அரை மிமீ நகர்ந்திருந்தால் கண்ணுக்கும் தெரியாது, துளை பொருந்தாதபோதுதான் தெரியும். பேட் செய்வதற்கு (ஸ்கெட்ச்சுக்குத் தடிமன் கொடுத்துத் திடவடிவமாக்குவதற்கு) முன், முழுதும் கட்டியாயிற்று என்று காட்டும் பச்சை நிறம் வந்தே ஆக வேண்டும். மீதி டிஓஎஃப் எண் காட்டும் செய்தியைச் சொடுக்கினால் கட்டாதவற்றை மென்பொருளே தேர்ந்து காட்டும்.

சிலர் பச்சையை வரவழைப்பதற்காகவே பிளாக் கட்டுப்பாட்டை இட்டு எல்லாவற்றையும் உறைய வைக்கிறார்கள். ஒரு எழுத்து வடிவத்தையோ இறக்குமதி செய்த வளைகோட்டையோ அப்படி நிறுத்தலாம். அளவு மாறக்கூடிய பாகத்தில் செய்யாதீர்கள், அது மாற்றத்தையே பூட்டிவிடும்.

#15 · மூலைவிட்டம்

திடவடிவம் ஏறினப்புறம்னா சரி, அதுல வாதம் இல்லை. யோசிக்கிற கட்டத்துக்கு மட்டும்தான் நான் சொன்னது.

#16 · புதுக்கோடு

நாலு மூலையிலயும் பழசை அழிச்சு முனைக்கு முனை டேன்ஜென்ட் போட்டேன். மிகைச் செய்தி போயிடுச்சு. மூணு நாளைக்கு அப்புறம் முதல் தடவையா ஸ்கெட்ச் முழுக்கப் பச்சை! 60-ஐ 95 ஆக்கினேன், 40 ஆக்கினேன், திரும்ப 60. வில் அசையாம வெளிப்பக்கமே நிக்குது. சந்தோஷத்துல ஈக்வலை எடுத்துட்டு இரண்டாவது ஆரம் 8 கொடுத்தேன், ஐயா சொன்ன மாதிரியே கோடு ரெண்டும் தானா ஒடுங்குச்சு.

ஆனா இன்னொரு தகடு, போன வாரம் வரைஞ்சது, அது பச்சையாத்தான் இருக்கு, பேட் பண்ணப் போனா மட்டும் பிழை வருது. மூடாத வடிவம்னு சொல்ற மாதிரி இருக்கு. எல்லா மூலையும் ஒட்டித்தான் இருக்கு.

#17 · உளிமுனை

பார்வைக்கு ஒட்டியிருக்கும். ஸ்கெட்ச்சரில் வேலிடேட் ஸ்கெட்ச் என்ற கருவியைத் திறந்து விடுபட்ட கோயின்சிடென்ட்களைத் தேடச் சொல்லுங்கள். அடிக்கடி நடப்பது இது: வரையும்போது முனை அடுத்த கோட்டின் முனையைப் பிடிக்காமல், அந்தக் கோட்டின் உடலைப் பிடித்துக்கொள்ளும். தானியங்கிக் கட்டுப்பாடு பாயின்ட் ஆன் ஆப்ஜெக்ட் என்று இட்டுவிடும். பிறகு வேறொரு அளவு தற்செயலாக அந்தப் புள்ளியை மூலையிலேயே கொண்டுபோய் நிறுத்தினால் டிஓஎஃப் பூஜ்யம், நிறம் பச்சை, ஆனால் வடிவம் மூடவில்லை. பட்டியலில் பாயின்ட் ஆன் ஆப்ஜெக்ட் ஏதாவது மூலையில் இருக்கிறதா?

இருந்தால் அதை அழித்துக் கோயின்சிடென்ட் இடுங்கள். ஒன்று போய் இரண்டு வருவதால் ஒரு மிகை காட்டும். அப்போது தற்செயலாக நிறுத்திய அந்த அளவை எடுத்துவிடுங்கள்.

இன்னொரு வாய்ப்பு, ஒரே கோடு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு முறை வரைந்திருப்பது. ஒரு கோட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தால் பச்சையில் அசையாது, அதனால் ஒவ்வொன்றையும் பட்டியலில் தேர்ந்தெடுத்து எண்ணிக்கையைப் பாருங்கள்.

#18 · புதுக்கோடு

இருந்துச்சு அண்ணா, இடது கீழ் மூலையில ஒரு பாயின்ட் ஆன் ஆப்ஜெக்ட். அதை எடுத்துட்டுக் கோயின்சிடென்ட் போட்டேன், நீங்க சொன்ன மாதிரியே ஒரு மிகை வந்துச்சு, கூட்டத்துல பார்த்தா 22.5-னு ஒரு அளவு. ஏன் போட்டேன்னே ஞாபகம் இல்லை. எடுத்துட்டேன், பேட் ஆயிடுச்சு. இப்ப முதல் தகட்டுக்கு அளவுகளை ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு மாத்திட்டு இருக்கேன்.

#19 · ஆரக்கால்

பேட்டர்னுக்கு மாற்றிவிட்டேன். ஸ்கெட்ச்சில் இப்போது ஒரு வட்டமும் மூன்று அளவும் மட்டும். எண்ணை மாற்றியதும் சல்லடை உடனே மாறுகிறது. ஓரத்தில் இருக்கும் நான்கு துளைகள் மட்டும் சிறிதாக வேண்டும், அவற்றைப் பேட்டர்னிலிருந்து விலக்குவது பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.